முதல் பதிவு: ஏழு பதினெட்டு

வெள்ளிக்கிழமை விடியக்காலம் அஞ்சேகால் மணிக்கு ஆபீசுக்கு வந்து உட்கார்ந்திருக்கிற கிறுக்கச்சி இந்தக் கம்பெனியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள் தாரணி. நினைத்த கையோடு, பால் கறக்கிறவர்களுக்கு அஞ்சேகால் என்றால் பாதி வேலை முடிந்த நேரம் என்பது ஞாபகம் வந்து வெட்கமாகப் போயிற்று. மீட்டிங் ஹாலில் கடைசி நாற்காலி. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் வந்தும் வராமலும் கிடந்தது, வெள்ளையாகவும் இல்லை, சாம்பலாகவும் இல்லை, தண்ணி கலந்த பால் நிறம் என்று சொல்ல வாய் வந்தது, சீ, பால் கம்பெனியில் வேலைக்கு வந்தால் ஆகாயம்கூடப் பாலாகத்தான் தெரியும்போல. மடியில் லேப்டாப். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள் ஒரே ஒரு காகிதம். அதைப் பார்க்காமல் இருப்பதற்காக மற்ற எல்லாவற்றையும் பார்த்தாள்: மின்விசிறியின் ஓரத்தில் படிந்த தூசி, கிழிக்காமல் நேற்றைய தேதியிலேயே நிற்கிற தினக் காலண்டர், எதிர்ச் சுவரில் கறுப்பாக உறங்கிக்கொண்டிருக்கிற பெரிய திரை. அந்தத் திரையில் வருவது அவள் செய்த ரிப்போர்ட். காகிதத்தில் இருப்பதும் அவள் போட்டுக் கொடுத்த வரைபடம்தான். பத்து நாளைக்கு முன்னால், அமாவாசையன்றைக்கு, செவ்வாய்க்கிழமை, கருங்கரடு சென்டரில் முதல் பால் பதிவான நேரம் ஏழு பதினெட்டு. அஞ்சரைக்குத் திறக்க வேண்டிய சென்டர். அன்றைக்கு அங்கே ஆயிரத்து எழுநூறு லிட்டர் பால் மொத்தமும் திரிந்துபோனது. பதினாறு வருஷமாக அந்தச் சென்டரைப் பார்த்துக்கொள்கிற பாவாத்தாள் லேட்டாக வந்ததால்தான் பால் கெட்டது என்று இன்றைக்குப் பத்து மணிக்கு விசாரணை. விசாரணை என்பதெல்லாம் பேச்சுக்கு. பத்தரைக்குள் அந்த அம்மாளை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். கொள்முதல் மேலாளர் துரைசாமி முந்தாநாள் கூப்பிட்டு, "அந்தப் படத்தைக் கலர்ல எடுத்துட்டு வந்துரும்மா, பார்த்தா ஒரே அடியில வெளங்கோணும்" என்றார். இவளும் சரிங்க சார் என்று சொல்லி, ஏழு பதினெட்டுக்கு மட்டும் சிவப்பு வைத்தாள். யாரும் சிவப்பு வை என்று சொல்லவில்லை. கை தானாக வைத்தது. நல்லா எடுப்பாத் தெரியட்டும் என்று வைத்தது. பாவி கை.

ஏழு பதினெட்டு, ஏழு பதினெட்டு. பத்து நாளாக இந்த எண் அவள் பின்னாலேயே வருகிறது. மகளுக்குத் தலை பின்னும்போது வருகிறது, தோசைக் கல்லில் எண்ணெய் தேய்க்கும்போது வருகிறது. ஏதோ ஒன்று செருப்புக்குள் போன மண் மாதிரி நெருடிக்கொண்டே இருந்தது. பாவாத்தாளை அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள், இந்த ரிப்போர்ட்டைத் தொடங்குவதற்கு முன்னால், சென்டர் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளப் போனபோது. இருட்டுப் பிரியாத நேரம். வாசல் கூட்டித் தண்ணி தெளித்து, பல்ப் எரிய, பாவாத்தாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றிருந்தாள். எத்தனை மணிக்குக்கா வருவீங்க என்று கேட்டதற்கு, "மணி பார்த்தெல்லாம் வாறதில்லீங் கண்ணு. ஊருக்குள்ள மொத மாடு கத்துனா எந்திரிச்சு வந்துருவேன்" என்றாள். அது கிண்டலா நிஜமா என்று தெரியவில்லை, முகம் அப்படியே இருந்தது. ஒவ்வொருத்தர் கேனிலிருந்தும் ஒரு கரண்டி பால் எடுத்து மெஷினில் வைப்பாள், மெஷின் கொழுப்பு எவ்வளவு என்று சொல்லும், தராசு எடை சொல்லும், இரண்டும் நெட் வழியாக ஈரோட்டு ஆபீசுக்குப் போய், சரி என்று பதில் வந்தால் ஒரு சீட்டு அச்சாகும். சீட்டு வந்த பிறகுதான் பாலைக் குளிரூட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். சீட்டு இல்லாமல் ஊற்றக் கூடாது என்று சுவரில் எழுதியே போட்டிருந்தது. "அடுத்த சென்டர்ல எல்லாம் மொதல்ல ஊத்திப்போட்டு அப்பறமா எழுதிக்குவாங்க. நான் அந்தச் சோலிக்கே போறதில்லீங். எழுதிப் போட்டிருக்குதல்லங்?" இந்த 'அல்லங்' தாரணியின் காதுக்குள் அப்படியே உட்கார்ந்துகொண்டது. எழுதிப் போட்டிருக்கிறது, அதனால் செய்கிறேன். இப்படி ஒரு மனுஷி, பதினாறு வருஷத்தில் ஒரு நாள், அதுவும் அமாவாசையன்றைக்கு, ஏழு பதினெட்டு வரைக்கும் தூங்குவாளா? தூங்கலாம். யார்தான் தூங்குவதில்லை. ஆனால் நேற்றுச் சாயங்காலம் எல்லோரும் கிளம்பின பிறகு, சும்மா, நெருடல் தாங்காமல், மற்ற சென்டர்களின் முதல் பதிவையும் எடுத்துப் பார்த்தாள். துரைசாமி ஒரு சென்டரைத்தான் கேட்டார், இவளும் ஒரு சென்டரைத்தான் பார்த்தாள், பத்து நாளாக. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. அந்தச் செவ்வாய்க்கிழமை நூற்றுப் பன்னிரண்டுமே ஏழு மணிக்கு மேல்தான் ஆரம்பித்திருந்தன.

நூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரே நாளில் தூங்கிப்போவார்களா? யாரும் தூங்கவில்லை. எல்லோரும் அஞ்சரைக்கே வந்து பாலை மெஷினில் வைத்திருக்கிறார்கள், அது ஆபீசுக்கு வந்து கதவைத் தட்டியிருக்கிறது, ஆபீசில் இருக்கிற டேட்டாபேஸுக்கு வாங்கி வைக்க நேரமில்லை. பால் எப்போது வந்தது என்று அது எழுதவே இல்லை. தனக்கு எப்போது கை ஒழிந்தது என்றுதான் எழுதியிருக்கிறது. மற்ற நூற்றுப் பதினோரு பேரும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போடா உன் சீட்டும் நீயும் என்று பாலைத் தொட்டியில் ஊற்றிவிட்டார்கள். பால் பிழைத்தது, அதனால் அவர்களுடைய நேரத்தை யாரும் பார்க்கவில்லை. சுவரில் எழுதியிருந்ததை மதித்து நின்றவள் ஒருத்திதான், அவள் பால்தான் கேனிலேயே கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் பங்குனி வெக்கையில் நின்று திரிந்தது. அப்படியென்றால் டேட்டாபேஸின் கையை யார் பிடித்து வைத்திருந்தது? இன்னும் தோண்டினாள். தை மாசத்திலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இருபது நிமிஷம், அரை மணி நேரம் என்று எல்லாச் சென்டரும் தாமதம். நடுவில் வந்த ஒரு அமாவாசையும் தாமதம். அந்த நேரங்களில் டேட்டாபேஸுக்கு வந்த கேள்விகளின் பட்டியலை இறக்கினால் ஆயிரம் ஆயிரமாக வருகிறது, அத்தனையும் ஒரே இடத்திலிருந்து. மீட்டிங் ஹால் திரை. இதோ, எதிரே சுவரில் தூங்குகிறதே, இதுதான். விடியக்காலம் அஞ்சரைக்கு இந்த ஹாலில் யார் இருப்பார்கள்? அதைப் பார்க்கத்தான் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து இந்தக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், திருடனைப் பிடிக்க வந்தவள் மாதிரி. ஆனால் ரிப்போர்ட் அவளுடையது. திருடனைப் பிடிக்க வந்தவளின் மடியில்தான் பொருள் இருக்கிறது.

சாம்பிராணி வாசனை முதலில் வந்தது, அதற்குப் பின்னால்தான் மாரப்பன் வந்தார். ஆபீஸ் உதவியாளர், அறுபதுக்குப் பக்கம், குளித்த தலையில் ஈரம், நெற்றியில் மூன்று விரல் விபூதி. தூபக்காலை ஆட்டிக்கொண்டே வந்தவர் மூலையில் இவளைப் பார்த்ததும் திடுக்கிட்டு, "அட அம்மணி! நேரத்துலயே வந்துட்டீங்களா? ஒரு நிமிசம் நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டனுங்" என்றார். வேலை இருக்குதுங்கண்ணா, நீங்க பாருங்க என்றாள். புகை மெல்ல மெல்ல ஹாலை நிறைத்தது. நாற்காலிகள் மிதந்தன. இவளுக்குக் கண் செருகியது, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, சாம்பிராணிக்கு எப்போதுமே அவளைச் சின்னப் பெண்ணாக்கிவிடுகிற குணம் உண்டு, தலை காய வைக்கிற அம்மா கை, பிரசவத்துக்குப் பிறகு மகளைக் கூடைக்கு மேலே காட்டிய புகை, ஐந்து வருஷம் வீட்டிலேயே இருந்துவிட்டு மறுபடி வேலை தேடினபோது எத்தனை பேர் இத்தனை வருஷம் என்ன பண்ணுனீங்க என்று கேட்டார்கள், குழந்தை வளர்த்தேன் என்றால் சிரிப்பார்கள், சிரிக்காமல் வேலை கொடுத்தவர் இந்த எம்.டி. ஒருத்தர்தான். அவர் நல்லவர். ஆனால் அவசரக்காரர். "நேத்துப் பால் எனக்கு எதுக்கும்மா? இப்ப, இந்த நிமிசம் எந்த ஊர்ல எவ்வளவு பால் வருதுன்னு எனக்குத் தெரியோணும்" என்றார். அதனால்தான் லைவ். பாலின் கணக்கை ராத்திரியே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு அதைக் காட்டுவது ஒரு வழி. ஒவ்வொரு தடவையும் நேராகப் போய், நடந்துகொண்டிருக்கிற டேட்டாபேஸையே கேட்டு வாங்கி வந்து காட்டுவது இன்னொரு வழி. எம்.டி. இரண்டாவதைக் கேட்டார், இவளும் செய்து கொடுத்தாள். திரையில் முதல் முதலாக எண் ஓடியபோது அவர் எழுந்து நின்று கை தட்டினார். அன்றிலிருந்து அது 'நம்ம தாரணி ஸ்கிரீன்'. அஞ்சு வருஷத்துக்குப் பிறகு அவள் பேரில் ஒரு பொருள். மாரப்பன் இப்போது அந்தத் திரையின் நான்கு மூலைக்கும் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார், நடுவில் குங்குமம், சாமிப் படத்துக்கு வைக்கிற அதே பயபக்தியோடு. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கையைத் துண்டில் துடைத்துவிட்டு, மாரப்பன் திரையைப் போட்டார். பிறகு மேசைமேல் இருந்த மவுஸைப் பிடித்தார். தாரணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் திரையில் இருந்த ஊர்ப் பட்டியலில் முதல் ஊரின் மேல் அம்புக்குறியை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். திரை முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்கள் சுற்றின. அவை சுற்றி முடியும் முன்னாலேயே அடுத்த ஊர். அதற்கடுத்த ஊர். வாய் ஏதோ முணுமுணுத்தது, ஊர்ப் பேரா மந்திரமா தெரியவில்லை. "என்னங்கண்ணா பண்றீங்க?" குரல் தனக்கே வேற்றாள் குரலாகக் கேட்டது. "எல்லா ஊரையும் ஒருக்கா தொட்டு வெக்கறனுங் அம்மணி. வெள்ளிக்கெழமையும் அமாவாசையும் எம்.டி. ஐயா பூசைக்கு ஏழரைக்கே வந்துருவாருங்கல்ல. தை மாசத்துல ஒருநா அவரு வந்து தொட்டாரு, இது சுத்திக்கிட்டே நின்னுச்சு, அவருக்கு வந்துச்சு பாருங்க கோவம். அப்பறம்தான் நான் கண்டுபிடிச்சனுங். முன்னாடியே ஒருக்கா தொட்டு வெச்சுட்டா, அப்பறம் அவரு தொடறப்ப சட்டுனு வந்துருது." சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை. "போன அமாவாசைக்குப் பூசணிக்காய் ஒடைக்கறதுக்கு முந்தி ஒருக்கா, பிந்தி ஒருக்கா, ரண்டு தடவ தொட்டு வெச்சனுங். அன்னைக்கு ஐயாவோட சம்பந்தி ஊட்டுக்காரங்க வாறதா இருந்துச்சு. பறந்துச்சு பாருங்க!" அட கடவுளே. அவர் சொல்வது சரி. அதுதான் கொடுமை. ஒரு தடவை கேட்ட கேள்விக்கு வந்த பதிலைத் திரை கொஞ்ச நேரம் வைத்திருக்கும், அடுத்த தடவை கேட்டால் அதையே எடுத்துக் காட்டும். இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள இவளுக்கு ஆறு மாசம் ஆனது, இந்த மனுஷர் சாம்பிராணி போட்டுக்கொண்டே கண்டுபிடித்துவிட்டார். தாரணி ஸ்கிரீன் எவ்வளவு வேகம் பார்த்தீங்களா என்று எம்.டி. எல்லோர் முன்னாலும் சொன்னாரே, அந்த வேகம் இவருடைய வேகம். அதற்கு அவள் தேங்க்யூ சார் என்று சொல்லியிருக்கிறாள்.

ஒரு கணக்குக்கு ஒரு கட்டமாக, திரையில் மொத்தம் நாற்பத்தொரு பெட்டி. ஆரம்பத்தில் ஆறுதான் இருந்தது. துரைசாமி ஒன்று கேட்டார், மார்க்கெட்டிங்கில் ஒன்று கேட்டார்கள், டேங்கர் லாரிக்காரர்களுக்கு ஒன்று, ஒரு பெட்டிதானேம்மா என்பார்கள், இவளுக்கும் இல்லை என்று சொல்ல வாய் வராது, அஞ்சு வருஷம் யாரும் எதுவும் கேட்காமல் இருந்தவளுக்குக் கேட்கிறார்களே என்று இருந்தது. கேட்டதற்கெல்லாம் தலையாட்டினாள். ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாகப் போய் டேட்டாபேஸைக் கேட்கும். ஒரு ஊரைத் தொட்டால் நாற்பத்தொரு கேள்வி. கல்யாணப் பந்தியில் நாற்பத்தொரு பேர் உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு ஆளைப் பார்த்து, ஒருத்தர் உப்பு, ஒருத்தர் தண்ணி, ஒருத்தர் ரசம் என்று ஒரே நேரத்தில் கத்தினால் அவன் என்ன செய்வான், அதுவும் அவன்தான் பின்கட்டில் வந்து இறங்குகிற அரிசி மூட்டையையும் வாங்கி வைக்க வேண்டும் என்றால். நூற்றுப் பன்னிரண்டு ஊர். பெருக்கிப் பார்க்க மனசு வரவில்லை. இதையெல்லாம் சரி செய்ய வழி தெரியாதா அவளுக்கு? தெரியும். அவள் நோட்டிலேயே பென்சிலில் எழுதியிருக்கிறது: பெட்டிகளைக் குறைக்கணும். நேற்று வரைக்கும் உள்ள கூட்டுத்தொகையைத் தனியாக ஒரு சின்ன அட்டவணையில் போட்டு வைக்கணும், இன்றைய பாலை மட்டும் நேராகக் கேட்கணும். ஊரைத் தொட்ட உடனே ஓடக் கூடாது, 'காட்டு' என்று ஒரு பொத்தான், அதை அழுத்தினால்தான் ஓடணும். பால் வருகிற நேரத்தில் யார் கேட்டாலும் பிரதியிலிருந்துதான் கொடுக்கணும். எல்லாம் கார்த்திகை மாசமே எழுதியது. ஏன் செய்யவில்லை? ஏனென்றால் அவள் சோதித்துப் பார்த்ததெல்லாம் பத்து மணிக்கு மேல், டீ குடித்துவிட்டு, பால் வரத்து முடிந்து டேட்டாபேஸ் சும்மா காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரத்தில். அப்போது அது பறக்கும். பறக்கிறதை யாராவது சரி செய்வார்களா? பால் கம்பெனியில் வேலை செய்துகொண்டு, பால் வருகிற நேரத்தில் ஒரு நாள்கூட அவள் சோதித்துப் பார்க்கவில்லை. ஒரு நாள். ஒரே ஒரு நாள் எழுந்து வந்திருந்தால் தீர்ந்தது.

மாரப்பன் எழுபதாவது ஊருக்கோ எண்பதாவது ஊருக்கோ போய்விட்டார், டிக், டிக், அந்தச் சத்தம் காதில் விழ விழ அவளுக்குத் தூக்கமும் பயமும் ஒன்றாக வந்தது, எழுந்து தடுக்க வேண்டும், எழ முடியவில்லை, கனவில் ஓட நினைத்தால் கால் வராதே அந்த மாதிரி. கை மட்டும் போனை எடுத்தது. பாவாத்தாள் நம்பர் அன்றைக்கு வாங்கியது அப்படியே இருந்தது. விசாரணை முடிகிற வரைக்கும் அவள்தான் சென்டரைப் பார்த்தாக வேண்டும், மாற்று ஆள் இல்லை. இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். "யாருங்? அட, ஆபீசு கண்ணா? இப்பவேதான் நானே கூப்புடலாமான்னு நெனச்சனுங். இன்னைக்கும் சுத்துதுங் கண்ணு. மொத பால் வெச்சு இருவது நிமிசமாச்சு, சீட்டே வரமாட்டேங்குது. ஆளுங்க வரிசையா நிக்கறாங்க." பின்னால் பேச்சுச் சத்தம், பாத்திரம் இடிபடுகிற சத்தம், ஒரு கன்றுக்குட்டி. இங்கே புகைக்குள் ஒரு டிக். அங்கே வரிசையில் நிற்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நாற்பது மைல். "அண்ணா, நிறுத்துங்க!" என்று கத்தியேவிட்டாள். மாரப்பன் கை மவுஸிலிருந்து சூடு பட்ட மாதிரி எழும்பியது. திரையில் வட்டங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஒரு நிமிஷம். ஒன்றரை நிமிஷம். "வந்துருச்சுங் கண்ணு! சீட்டு வந்துருச்சு!" அந்தச் சந்தோஷம் தாங்கவில்லை. உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் இன்னொரு தடவை பார்க்க வேண்டும், ஒரு தடவை நடந்தால் தற்செயல் என்பார் துரைசாமி, ஆனால் இன்னொரு தடவை பார்ப்பது என்றால் அத்தனை ஊரிலும் அத்தனை பேரை இன்னும் கொஞ்சம் நிற்க வைப்பது. கேட்பதே ஒரு பாரம், இதைப் படித்திருக்கிறாள், இப்போதுதான் உடம்பில் ஏறுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணா, இன்னும் பத்தே பத்து ஊர் தொடுங்க" என்றாள். தொட்டார். பாவாத்தாள் குரல் மறுபடி வாடியது: "அடப் பாவமே, மறுக்கா நின்னுபோச்சுங்." போதும். திரையை அணைக்கச் சொன்னாள். நேரத்தைக் காகிதத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். "மறுபடி கூப்பிடறேங்க்கா, அஞ்சு நிமிஷம்."

மாரப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நான் ஏதாச்சும் கெடுத்துப்போட்டனுங்களா அம்மணி?" இரண்டு கண்ணிலும் பயம் அப்பட்டமாக இருந்தது. அப்போது வந்தது அந்த நினைப்பு, ரொம்ப மரியாதையாக, வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி வந்து உட்கார்ந்தது: ஆமாம் என்று சொன்னால் என்ன? அலுவலக உதவியாளர் அனுமதியில்லாமல் திரையை இயக்கியதால் அமைப்பு தாமதமானது. ஒரே வாக்கியம். பொய்யும் கிடையாது. பாவாத்தாளும் தப்பித்துவிடுவாள், தானும் தப்பித்துவிடலாம். மாரப்பனை என்ன செய்துவிடப் போகிறார்கள், திட்டுவார்கள், அவ்வளவுதானே, திட்டு வாங்கிப் பழகினவர்தானே. எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள். துரைசாமிக்கும் இப்படித்தான் சுலபமாக வந்திருக்கும். அவருக்கு ஒரு பாவாத்தாள், இவளுக்கு ஒரு மாரப்பன், கீழே இருக்கிறவர்களுக்கா பஞ்சம். "இல்லைங்கண்ணா. நீங்க ஒண்ணும் கெடுக்கல. நான்தான் கெடுத்தேன். உட்காருங்க" என்றாள். அவர் உட்காரவில்லை. லேப்டாப்பைத் திறந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். மார்க்கெட்டிங் பெட்டி போயிற்று. லாரிப் பெட்டி போயிற்று. துரைசாமியின் மூன்று பெட்டியும் போயிற்று. நான்கு மட்டும் மிஞ்சின, அவையும் நேற்றைய பிரதியிலிருந்து. எம்.டி. ஏழரைக்கு வந்து பார்த்தால் அவருக்குப் பிடித்த இந்த நிமிஷப் பால் இருக்காது. கோபம் வரும். வரட்டும். வேலை போனால் மறுபடி அந்த நேர்காணல்கள், அந்தச் சிரிப்புகள். எம்.டி.க்கும் துரைசாமிக்கும் ஒரு கடிதம் அடித்தாள்: பாவாத்தாள் தாமதமாக வரவில்லை, நூற்றுப் பன்னிரண்டு சென்டரின் பட்டியலை இணைத்திருக்கிறேன், காரணம் நான் செய்த ரிப்போர்ட், அதைப் பால் வரும் நேரத்தில் நான் ஒரு நாளும் சோதிக்கவில்லை. மாரப்பன் பேரை எழுதவில்லை. இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை படித்தால் அனுப்ப மாட்டோம் என்று தெரிந்து, அனுப்பிவிட்டாள்.

பாவாத்தாளை மறுபடி கூப்பிட்டபோது வெளியே நன்றாக விடிந்திருந்தது. "சீட்டு வருதுங்களாக்கா?" "டக்குடக்குன்னு வருதுங் கண்ணு. ஊத்திக்கிட்டே இருக்கறனுங்." "அக்கா, அமாவாசையன்னைக்கு நீங்க லேட்டா வரல." இவளே சொன்னாள், முடிந்த வரைக்கும் எளிதாக: நீங்க அஞ்சரைக்கே பால் வெச்சுட்டீங்க, இங்கதான் அதை வாங்கிக்க முடியல, ஏழு பதினெட்டுக்குத்தான் வாங்குச்சு, அது என்னோட தப்பு, உங்க தப்பு இல்லவே இல்லை. "அப்ப... நான் அஞ்சரைக்கே வந்துட்டனுங்களா கண்ணு?" என்றாள் பாவாத்தாள். என்ன கேள்வி இது என்று தாரணிக்குப் புரியவில்லை. "உங்களுக்குத் தெரியாதாக்கா? நீங்கதானே வந்தீங்க?" "வந்தேன்னுதான் நெனச்சனுங். ஆனா அந்த மேலாளரு படத்தைக் காட்டி, கம்ப்யூட்டரு பொய் சொல்லாது பாவாத்தா, நல்லா ரோசன பண்ணிப் பாருங்கறாரு. எல்லாரும் அதையே சொல்றாங்க. நான் வந்தப்ப மணி பார்த்தவங்க ஒருத்தருமில்ல, மெசினு சுத்துனதும் அதுக்கு முந்துன வெள்ளிக்கெழமைன்னுட்டாங்க. ராவெல்லாம் ரோசன பண்ணிப் பண்ணி எனக்கே சந்தேகம் வந்துருச்சுங். ஒருவேள அன்னைக்குத் திண்ணைல அசந்துட்டனோ, முந்துன நாளு வந்ததைத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கறனோன்னு. லேட்டாத்தான் வந்தேன்னு முந்தாநேத்து எழுதி, கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டனுங்." வேலை போகப்போகிறது என்று மட்டும்தான் தாரணி நினைத்திருந்தாள். ஒரு பொம்பளையின் ஞாபகத்தையே பிடுங்கி அதில் சிவப்பு அடித்துக் கொடுத்திருக்கிறோம் என்பது இப்போதுதான் தெரிகிறது. "வந்தீங்கக்கா. அஞ்சரைக்கே வந்தீங்க. நீங்க நெனச்சதுதான் நெசம்." "கண்ணு, ஒரே ஒரு ஒத்தாசை. இங்க நிக்கறவங்களுக்குத்தான் அன்னைக்குப் பால் போச்சு. பத்து நாளா பாதிப் பேரு என்ற மூஞ்சியப் பார்த்துப் பேசறதில்லீங். போனை எல்லாருக்கும் கேக்கற மாதிரி வெக்கறேன். இப்பச் சொன்னதை ஒருக்கா சொல்றீங்களா?" தாரணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எம்.டி.க்கு எழுதுவதை விட இது கஷ்டம். "வெயிங்கக்கா" என்றாள். போன் கை மாறுகிற கரகரப்பு. பிறகு திறந்தவெளிச் சத்தம், காற்று, மாடு, ஆட்கள் மெல்ல அடங்குவது. "என் பேரு தாரணி. ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலை பார்க்கறேன்" என்று ஆரம்பித்து, நிறுத்தாமல், எங்கேயும் ஒளியாமல், தன் தப்பு என்ற இடத்தில் குரல் உடைந்தும் விடாமல், கடைசி வரைக்கும் சொன்னாள். ஒரு ஆம்பளைக் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாவாத்தக்கா, என்ற கேனை எடுத்துக்கக்கா" என்றது. கேன் மூடி திறக்கிற சத்தம் கேட்டது, பால் ஊற்றுகிற சத்தம் கேட்டது, அதற்கு நடுவில் பாவாத்தாள் அழுகிற சத்தமும் கேட்டது.